எங்கள் பாஸ்டரும் அந்த ஒரு வீடும்

உக்குவளை ஜங்ஷன் பேக்கரியில, கண்ணாடி அலுமாரிக்கு முன்னால நிக்கிறப்போ எங்க பாஸ்டரைப் பாக்கணும். ஒரு தட்டுல சீனி தூவின கிம்புலா பணிஸ், ஒரு தட்டுல மீன் வச்ச மாலு பாண். ரெண்டும் அவருக்குப் பிடிக்கும், அதுதான் வில்லங்கம். கையைப் பின்னால கட்டிக்கிட்டு இதைப் பாப்பாரு, அதைப் பாப்பாரு, பின்னால வந்தவங்களுக்கு வழி விடுவாரு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்து, வாங்கி, தின்னு, வாயைத் துடைச்சுக்கிட்டுப் போயிருங்க. கடைசியில ஏதாவது ஒரு தட்டு காலியாகும். உடனே முகம் மலர்ந்து மத்தத் தட்டைக் காட்டுவாரு. "பாத்தீங்களா தங்கச்சி, கர்த்தர் வழிநடத்துறாரு" ம்பாரு என்கிட்ட. எனக்குப் பசியில வயிறு கத்திக்கிட்டு இருக்கும்.

இது ஒரு நாள் கூத்து இல்ல. எல்கடுவ போற கவர்மெண்ட் பஸ்ஸும் பிரைவேட் பஸ்ஸும் ஒண்ணா வந்து நின்னா, மனுஷன் நடுவுல நின்னு யோசிப்பாரு. ரெண்டும் போயிரும். சரி, த்ரீவீல்ல போகலாம்னா அங்க ஒரே ஒரு வண்டி நிக்கணும். ரெண்டு நின்னா அவர் நடந்துதான் போவாரு. அந்த ஏத்தத்துல வேர்த்து விறுவிறுத்து சபைக்கு வந்து சேர்றப்போ ஆராதனை பாதி முடிஞ்சிருக்கும்.

நான் தையல் மெஷின் போட்டிருக்கிற கடைக்குப் பக்கத்துல ஒரு முஸ்லிம் நானாவோட துணிக்கடை. கிறிஸ்மஸுக்குச் சட்டை எடுக்க பாஸ்டர் அங்க வந்தாரு. வெள்ளைச் சட்டைதான் போடுவாரு, அதுல குழப்பம் இல்ல. நானா ரெண்டை எடுத்து மேசையில போட்டாரு. பாஸ்டர் கொஞ்ச நேரம் பாத்தாரு, வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பாத்தாரு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு. நானா லுஹர் தொழுதுட்டு வந்தாரு. பாஸ்டர் அதே இடத்துல நிக்கிறாரு. "பாஸ்டர், ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே சைஸ், ரெண்டும் வெள்ளை. இன்னும் என்னத்தப் பாக்குறீங்க?" ன்னு நானா கேட்டாரு. "அதான் நானா, ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையே, அப்ப ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எப்பிடி எடுக்கிறது" ன்னாரு இவரு. நானா ஒண்ணை எடுத்துப் பையில போட்டு அவர் கையில திணிச்சு அனுப்பி வச்சாரு.

மகள் பிறந்தப்போ பேர் வைக்க முடியல. எஸ்தரா, ரூத்தான்னு மாசக் கணக்கா ஜெபம். பதியுற நாள் தாண்டப் போகுதுன்னு மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கே வந்து உக்காந்தாங்க. சிங்கள மிஸ், நல்ல மனுஷி, ஆனா அவங்களுக்கும் பொறுமைன்னு ஒண்ணு இருக்குல்ல. தன் மகளோட பேரையே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க பாஸ்டர் மகள் பேர் சந்தமாலி. "கர்த்தருடைய தெரிவு" ன்னு அதுக்கும் ஸ்தோத்திரம் சொன்னாரு.

இப்படிப்பட்ட மனுஷன் பிரசங்கம் பண்ண எழும்பினா பேசுறது ஒரே ஒரு விஷயந்தான், தேவனுடைய தெரிந்துகொள்ளுதல். நாம அவரைத் தெரிஞ்செடுக்கல, அவர்தான் நம்மளைத் தெரிஞ்செடுத்தாரு. அதுவும் இன்னைக்கு நேத்து இல்ல, உலகம் உண்டாகுறதுக்கு முன்னாலேயே. "நீ நல்லவன்னு எடுத்தாரா? இல்ல. நீ காணிக்கை போடுறேன்னு எடுத்தாரா? இல்ல. உபவாசம் இருக்கேன்னு எடுத்தாரா? அதுவும் இல்ல. பின்ன எதுக்கு?" ன்னு நிறுத்துவாரு. நாங்க எல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்போம், என்னவோ புதுசாக் கேக்கப் போற மாதிரி. "சும்மா" ம்பாரு. "சும்மா எடுத்தாரு. அதுதான் கிருபை."

அந்தச் "சும்மா"வுக்குப் பொம்பளைங்க எல்லாம் அழுவாங்க. அழ மாட்டாங்களா? விடிஞ்சதும் மலையேறி, அட்டைக் கடியில நின்னு தேயிலைக் கொழுந்து எடுத்து, அந்திக்குத் தராசுல கொஞ்சம் குறைஞ்சா அரைநாள் சம்பளம்னு கேட்டுப் பழகின காதுங்க அது. சும்மா கிடைக்கிற ஒண்ணைப் பத்தி வாரத்துல ஒரு நாள் ஒருத்தர் பேசுறாருன்னா கேட்டுக்கிட்டே இருக்கலாம். நானும் அழுதிருக்கேன்.

ஆனா எனக்குன்னு ஒரு கணிப்பு இருந்துச்சு. இந்த மனுஷன் இந்த உபதேசத்தை இப்படிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறதுக்குக் காரணம் பக்தி மட்டும் இல்ல. தெரிஞ்செடுக்கிற வேலையை வேற ஒருத்தர் எடுத்துக்கிட்டாருங்கிற நிம்மதி. ஒரு நாள் ஆராதனை முடிஞ்சு பிளேன்டீ குடிக்கிறப்போ அவரே வாயை விட்டுட்டாரு. "நல்ல காலம் தங்கச்சி, இந்த வேலை மட்டும் நம்ம கையில இல்ல. இருந்தா நமக்குப் பைத்தியம் பிடிச்சிரும்." அப்ப நான் சிரிச்சேன்.

அவர் இப்போ கலேவெல பக்கம் ஒரு சபைக்குப் போயிட்டாரு. ஆனா அந்த வீட்டு விஷயத்தைச் சொல்லாம அவரைப் பத்திச் சொன்னா பாதி ஆளைச் சொன்ன மாதிரி.

என் அக்கா எல்கடுவ பக்கம் தோட்டத்துல கொழுந்தெடுக்கிறவ. அத்தானுக்குக் கொழும்புல சாப்பாட்டுக் கடையில வேலை, ஞாபகம் வந்தா போன் பண்ணுவாரு. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க, சின்னவளுக்கு மூச்சு இழுப்பு. விடாம பேஞ்ச ஒரு மழையில அவங்க குடியிருந்த லயத்துக்குப் பின்னால மண் சரிஞ்சுது. பகல் நேரம், எல்லாரும் மலையில நின்னதால உசுரு தப்பிச்சுது, லயம் போச்சு. எங்க சபையைச் சேர்ந்த நாலு குடும்பம் தோட்டத்து கிரவுண்ட்ல தகரக் கொட்டகைக்கு வந்தாங்க. அக்கா, வேலையை விட்டு ஓய்ஞ்ச ஒரு கிழவர் கிழவி, சபையில கீபோர்ட் வாசிக்கிற பையனோட குடும்பம், அப்புறம் ஒரு அண்ணன், அவர் சம்சாரம் மட்டும் சபைக்கு வரும், அவர் எதிர்ப்பக்கமா தவறணைக்குக் குடிக்கப் போவாரு.

வெளிநாட்டுல இருக்கிற ஒரு சபை இதைக் கேள்விப்பட்டு, வீடு கட்டித் தர்றோம்னுச்சு. ஒரே ஒரு வீடு. எங்க சபைக்குப் பக்கத்துல கிடந்த துண்டு நிலத்துல. யாருக்குன்னு பாஸ்டர் ஜெபம் பண்ணித் தெரிஞ்செடுக்கணும், அதுல வேற யாரும் தலையிடக் கூடாதுங்கிறது அவங்க நிபந்தனை. அவங்களுக்கு எங்க பாஸ்டரைத் தெரியாது, பாவம்.

ஞாயித்துக்கிழமை அவர் அதை அறிவிச்சப்போ பல்லு பிடுங்கப் போறவர் மாதிரி நின்னாரு. நாங்கதான் கை தட்டினோம்.

அடுத்த வாரமே எங்க சபை தலைகீழா மாறிருச்சு. இத்தனை வருஷமா கிருபை சும்மா, கிருபை சும்மான்னு கேட்டு அழுத சனங்க ஒரே பாய்ச்சலா கிரியைக்கு, அதாவது செஞ்சு காட்டிச் சம்பாதிக்கிறதுக்கு, தாவிட்டாங்க. சபைத் தரையைக் காலையில ஒருத்தர் கூட்டினா பகல்ல இன்னொருத்தர் கூட்டினாங்க, அதுவும் பாஸ்டர் காதுல விழுற மாதிரி. பிரசங்கத்துக்குத் தூங்குற கிழவர் முழிச்சிருந்து, தேவையில்லாத இடத்துல எல்லாம் "ஆமென்" சொன்னாரு. கீபோர்ட் பையன் வீட்டுல இருந்து பலாப்பழம் வந்துச்சு. குடிக்கிற அண்ணன் தலைக்கு எண்ணெய் வச்சுச் சீவிக்கிட்டு வந்து, சபையை முதல் தடவையா உள்பக்கமிருந்து பாத்தாரு. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு ஒரு சேவல் வந்துச்சு, காணிக்கையாம்.

"கிருபையை விலை குடுத்து வாங்க முடியாதுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்" ன்னு பாஸ்டர் தலையில கை வச்சுக்கிட்டாரு. மனசாரத்தான் சொன்னாரு. ஆனா சேவலைத் திருப்பிக் குடுக்கிறதா வேணாமான்னு அவர் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பாஸ்டரம்மா குழம்பு வச்சுட்டாங்க.

எங்க அக்கா என்ன பண்ணினான்னு கேளுங்க. வாரம் ரெண்டு நாள் உபவாசம். சாப்பிடாம மலைக்குப் போய், தேயிலைக்குள்ள மயங்கி விழுந்தா. நான் ஓடிப் போய் நல்லாத் திட்டினேன். "உனக்கு மூளை இருக்கா? சும்மா தர்றாருன்னு சொல்ற இடத்துல எதுக்கு நீ பட்டினி கிடக்கிற?"

"மோட்சம் சும்மா கிடைக்கும்டி" ன்னா. "இது வீடு."



வீடு வளர்ந்துச்சு. ரெண்டு அறை, ஒரு ஹால், குசினி, உள்ளேயே கக்கூஸ், தரைக்கு டைல்ஸ். வேலை முடிஞ்சு, வீடு கட்டின மேசன் பாஸ் என்ன கலர் அடிக்கிறதுன்னு கேட்டாரு. அந்தக் கேள்வியோட அவரும் ரெண்டு மூணு தடவ வந்து போனாரு. கடைசியில வெறும் வெள்ளைப் பூச்சோட விட்டுட்டுப் போயிட்டாரு.

அப்புறம் பாஸ்டர் அடையாளம் கேக்க ஆரம்பிச்சாரு. வர்ற ஞாயித்துக்கிழமை எந்தக் குடும்பம் முதல்ல சபைக்கு வருதோ அதுதான் தேவன் காட்டுற குடும்பம்னு மனசுக்குள்ள முடிவு பண்ணி, பாஸ்டரம்மாகிட்ட மட்டும் சொன்னாரு. பாஸ்டரம்மா ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னாங்க. அன்னைக்கு நாலு குடும்பமும் இருட்டோட இருட்டா வந்து கேட்ல நின்னுச்சு. யாரு முதல்ல வந்தாங்கன்னு கேட்டா நாலு பேரும் நான்தாங்கிறாங்க. கிழவி நேத்தே வந்து படுத்திருந்ததாச் சொன்னாங்க. பாஸ்டர் வந்து பாத்துட்டு, கேட்டைத் திறக்காம, திரும்பி வீட்டுக்கே போயிட்டாரு. அன்னைக்கு எங்களுக்கு ஆராதனை இல்ல.

சீட்டுக் குலுக்கிப் போடலாம்னு யாரோ சொன்னாங்க. அது லாட்டரி மாதிரி ஆயிருமேன்னு பயந்தாரு. லாட்டரிக்கு எதிரா அவர் பண்ணாத பிரசங்கமா? பிறகு வேதத்துலேயே சீட்டுப் போட்டிருக்காங்கன்னு சமாதானம் பண்ணிக்கிட்டாரு. சரி போடுங்கன்னா, யார் கையால எடுக்கிறதுன்னு அடுத்த யோசனை வந்துருச்சு. அதோட அது நின்னு போச்சு.

வீட்டுல எல்லா முடிவையும் எடுக்கிறது பாஸ்டரம்மாதான். அரிசி எது, பள்ளிக்கூடம் எது, இவர் இன்னைக்கு எந்தக் காலுறை போடணும், எல்லாம் அவங்கதான். ஆனா இதுல அவங்க கறாரா சொல்லிட்டாங்க. "இத மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. நீங்க பிரசங்க மேடையில நிப்பீங்க. நான் இந்தப் பொம்பளைங்களோட பீலியில நின்னு தண்ணி பிடிக்கணும்."

மாசங்கள் போச்சு. பூட்டின வீடு ஒரு பக்கம், அதைப் பாத்துக்கிட்டு தகரத்துக்குள்ள நாலு குடும்பம் ஒரு பக்கம். பாஸ்டர் தினம் வந்து வீட்டைத் திறந்து, தூசி தட்டி, ஜன்னலைத் துடைச்சு, திரும்பப் பூட்டிட்டுப் போவாரு. அதைப் பாக்கிறப்போ எல்லாம் எனக்கு வயிறு எரியும். ஐப்பசி மழை தொடங்கிச்சு. கொட்டகைத் தரை சொதசொதன்னு ஆகி, சின்னவளுக்கு இழுப்பு கூடிப் போச்சு. மாத்தளை ஆஸ்பத்திரியில ஆவி பிடிக்க வச்சு அனுப்பினாங்க. ஈரத்துல வச்சிருக்காதீங்கன்னாங்க. எங்க அக்கா தலையை ஆட்டினா. வேற என்ன சொல்லுவா?

அன்னைக்கே நான் நேரா அந்த வீட்டுக்குப் போனேன். பாஸ்டர் வாசல் படியில உக்காந்து துணியைப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தாரு.

"பாஸ்டர், எங்க அக்கா பிள்ளைக்கு மூச்சு விட முடியல. இந்த வீட்டை நீங்க யாருக்காவது குடுங்க. அவளுக்குக் குடுக்க வேணாம், யாருக்காவது குடுத்துத் தொலைங்க. அவ ஆசையை விட்டுட்டு வேற வழியாவது பாப்பா."

அவர் திரும்பவும் துணியைப் பிழிஞ்சாரு. "தங்கச்சி, ஒருத்தருக்குன்னு சொல்லுறது ஒண்ணும் கஷ்டமில்ல" ன்னாரு. "அதே வாயால மூணு பேருக்கு இல்லன்னு சொல்லணுமே. அதை எப்பிடிச் சொல்லுறது?"

"இத்தனை வருஷமா நீங்க அதைத்தானே சந்தோஷமாச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"நான் எப்பம்மா இல்லன்னு சொன்னேன்?"

"அதான் பாஸ்டர். தெரிஞ்செடுத்தாரு, தெரிஞ்செடுத்தாருன்னு சொன்னீங்க. எடுக்காம விட்டவங்களைப் பத்தி ஒரு ஞாயித்துக்கிழமை கூட நீங்க பேசினதே இல்லையே."

அவர் அழுதாரு. பெரிய மனுஷன், பிழிஞ்ச துணியாலேயே முகத்தைத் துடைச்சுக்கிட்டு அழுதாரு. எனக்கு அவரைப் பாக்கப் பாவமா இருந்துச்சு. கன்னத்துல ஒண்ணு விடணும்னும் இருந்துச்சு. ரெண்டையும் செய்யாம இறங்கி வந்தேன்.

அதுக்கு அடுத்த வாரம் ஒரு பகல். உக்குவளையிலேயே ரோடு தெரியாத மழை. நான் ஒரு கல்யாண பிளவுஸுக்குக் கை வெட்டிக்கிட்டு இருந்தேன். அக்காவோட மூத்தவ போன் பண்ணினா. "சித்தி, அம்மா மண்வெட்டியால பூட்டை உடைச்சிட்டாங்க."

எங்க அக்கா யாரு தெரியுமா? கங்காணி திட்டினா கீழ பாத்துக்கிட்டு நிக்கிறவ. அடுத்த வீட்டுக் கதவைக் கூடச் சத்தமாத் தட்டாதவ. நான் துணியை அப்படியே போட்டுட்டு த்ரீவீல் பிடிச்சு மேல போனேன். போற வழியெல்லாம் போலீஸ் வருமா, சபைக்காரங்க அடிப்பாங்களான்னு ஒரே பதட்டம். அவ உள்ளே போய் தாழ்ப்பாள் போட்டிருக்கணும், யார் வந்தாலும் திறக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே போனேன்.

போய்ப் பாத்தா கதவு விரியத் திறந்து கிடக்கு. உள்ள சந்தைக் கூட்டம். அக்கா பிள்ளைங்களைக் கொண்டு வந்து காய்ஞ்ச தரையில உக்கார வச்சதும் முதல் வேலையா கிரவுண்டுக்குத் திரும்பிப் போய் மத்த மூணு குடும்பத்தையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கா. கிழவர் ஒரு அறையில மெத்தையை விரிச்சுப் படுத்துட்டாரு. கீபோர்ட் நனையாம ஜன்னலோரம் நிக்குது. குடிக்கிற அண்ணன் வாசல்ல தண்ணி உள்ள வராம சாக்கு போட்டுக்கிட்டு இருக்காரு. குசினியில பெரிய சட்டியில சோறு கொதிக்குது. சின்னவ பாஸ்டர் துடைச்சுத் துடைச்சு வச்ச டைல்ஸ் மேல படுத்து, வாயை மூடி, மூக்கால மூச்சு விட்டுத் தூங்குறா. அதைப் பாத்ததும் நான் அங்கேயே உக்காந்துட்டேன்.

"என்னடி பண்ணி வச்சிருக்க" ன்னு அக்காகிட்டக் கேட்டேன்.

"பிள்ளைக்கு நீலம் பாஞ்சுருச்சுடி. எவ்வளவு நேரம் நான் ஜெபம் பண்ணுறது?"

"சரி. இத்தனை பேரை எதுக்குக் கூப்பிட்ட? நாளைக்கு இவங்க யாரும் போகலன்னா?"

"உள்ள வந்த பிறகு வெளிய பாத்தேன். அவங்க மேல மழை பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு" ன்னு சொல்லிட்டு அவ சோத்தைக் கிண்டப் போயிட்டா.

கொஞ்ச நேரத்துல பாஸ்டர் வந்தாரு. குடை பிடிச்சும் இடுப்புக்குக் கீழ நனைஞ்சு, படியில ஏறி நின்னு உள்ள எட்டிப் பாத்தாரு. உடைஞ்ச பூட்டைப் பாத்தாரு. கோவப்படல. அவர் முகத்துல நான் அதுவரைக்கும் பாக்காத ஒரு உறுதி இருந்துச்சு.

"நானே வரத்தான் இருந்தேன்" ன்னாரு. "நான் தீர்மானிச்சிட்டேன். இந்த வீடு யாருக்குன்னு சொல்லத்தான் வந்தேன்."

கீபோர்ட் பையனோட அப்பா எழும்பி நின்னாரு. கிழவி போய் கிழவர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. குடிக்கிற அண்ணன் சாக்கைக் கீழ போட்டுட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டாரு, தனக்கில்லன்னு பிறந்ததுல இருந்தே தெரிஞ்சவர் மாதிரி. எங்க அக்காவாத்தான் இருக்கணும் ஆண்டவரேன்னு மனசு கெஞ்சிச்சு.

அக்கா அகப்பையோட குசினியில இருந்து வந்தா.

"சொல்லாதீங்க பாஸ்டர்" ன்னா.

"இல்லம்மா, ராவெல்லாம் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணி..."

"உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், யாருக்குன்னு சொல்லாதீங்க. நீங்க சொன்னீங்கன்னா மூணு குடும்பம் எழும்பி வெளிய போகணும்."

பாஸ்டர் திறந்த வாயைத் திறந்தபடியே வச்சிருந்தாரு. மெத்தையில கிடந்த கிழவரைப் பாத்தாரு, சின்னவளைப் பாத்தாரு, சுவரைப் பாத்துக்கிட்டு நின்ன முதுகைப் பாத்தாரு. பிறகு வாயை மூடிக்கிட்டாரு. வாழ்நாள்ல முதல் தடவையா அவர் ஒரு முடிவு எடுத்துக்கிட்டு வந்திருந்தாரு. அது என்னன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. எங்க அக்காவாக் கூட இருந்திருக்கலாம். இருந்திருக்கும்னு நினைக்கிறப்போ எனக்கு இன்னமும் ஆத்தாமையா இருக்கு. அக்காவுக்கு அப்படி ஒண்ணும் இல்ல.

"நனையிறீங்க, உள்ள வாங்க" ன்னா அவ.

அவர் படியிலேயே நின்னாரு. உள்ள பாத்தாரு, ரோட்டைப் பாத்தாரு. "உங்களுக்கே இடம் பத்தாதேம்மா. நான் வரலாமா, இல்ல போயிட்டு நாளைக்கு..."

"உங்களைக் கேக்கல பாஸ்டர். வாங்கன்னு சொன்னேன்."

அவர் கையில இருந்த குடையை அக்கா வாங்கி மடக்கினா. அவர் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தாரு.